மீன் எழுத்து

அட்டையில் இருந்த எழுத்துகளெல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன.

ஜெய்ராம் தாளைத் திருப்பிப் பார்த்தான், பின்பக்கம் ஏதாவது விளக்கம் இருக்கும் என்பதுபோல. பின்பக்கம் வெறும் வெள்ளை. மறுபடி முன்பக்கம். ‘முதலாம் ஆண்டு நினைவு நாள்’ என்ற வரி, தெருவில் தேங்கிய மழைத்தண்ணீரைத் தாண்டித் தாண்டிப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி மேலும் கீழுமாகப் போயிற்று. ‘நா’வின் கால் நீண்டு வந்து பக்கத்து எழுத்தை இடறியது. புள்ளிகள் புள்ளிகளாக இல்லை. யாரோ அவசரத்தில் சுழித்த குட்டி வட்டங்கள். நான்கு மூலையிலும் நான்கு நட்சத்திரங்கள்.

“ஷுந்தர் ஹோயேச்சே, நா?” என்றாள் தீப்தி. அழகாக வந்திருக்கிறது, இல்லையா என்று கேட்கிறாள்.

கல்கத்தாவில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவள் கடை. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பிரிண்டர், ஒரு மேசை விசிறி, சுவர் முழுக்க மாதிரி அட்டைகள். அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கல்யாணப் பத்திரிகையும் பொங்கல் விழா நோட்டீஸும் பத்து வருஷமாக அடித்துக் கொடுக்கிறாள். தமிழில் ஓர் எழுத்துகூட அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வாட்ஸ்அப்பில் வருவதை எடுத்து அப்படியே ஒட்டுவாள்.

“பார்ட்டி எங்கே, ஜெய்ராம் பாபு? வீட்டிலா, ஹாலிலா?”

“பார்ட்டி இல்லை தீதி. இவங்க இறந்து ஒரு வருஷம் ஆகுது.”

தீப்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கை தானாகக் காதைத் தொட்டது. தாளைப் பார்த்தாள், ஃபோட்டோவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“ஐயோ. நீங்க சொல்லவே இல்லையே.”

சொல்லவில்லைதான். மாமனார் சௌந்தரராஜன் எழுதித் தந்த வாசகத்தை அனுப்பிவிட்டு, கீழே அவன் தட்டியது மூன்றே சங்கதி. கார்டு. அறுபது. ஃபோட்டோ இருக்கு. அதற்கு மேல் வார்த்தை செலவழிக்க அவனுக்குத் தோன்றவில்லை. ஃபோட்டோவும் கைக்கு வந்தது ஒன்று. ஹவுரா போகிற படகில், முடியெல்லாம் காற்றில் பறக்க, வாயைத் திறந்துகொண்டு அவன் மனைவி மாதங்கி. ஏதோ பேசிக்கொண்டிருக்கிறாள். என்ன பேசினாள் என்பது அவனுக்கு நினைவில்லை.

“எங்க கார்டுன்னா மேலே ‘கங்கா’ன்னு ஒரு வரி இருக்கும். தூரத்திலிருந்தே தெரிஞ்சுடும், இது சிராத்தம்னு. உங்களதுல எல்லாமே ஒரே மாதிரி ஜிலேபி. சிரிக்கிற முகம் வேற. பிறந்த நாள்னு நினைச்சேன்.” தீப்தி மௌஸைப் பிடித்தாள். “மாத்திடறேன். இரண்டு நிமிஷம். பேங்க் போட்டுடறேன்.”

“பேங்க்?”

“எழுத்து.”

ஜெய்ராமுக்கு முதலில் புரியவில்லை. அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். எட்டுத் தமிழ் எழுத்துருக்கள் வைத்திருந்தாள். படிக்கத் தெரியாதவள் ஆகையால் பார்த்த மாத்திரத்தில் என்ன தோன்றியதோ அதையே பெயராக வைத்திருந்தாள். நேராக, ஒல்லியாக, விறைத்து நின்றது பேங்க். கல்லில் வெட்டியதுபோல இருந்தது கோயில். கறுத்துத் தடித்தது யானை. அது யூனியன்காரர்களின் போஸ்டருக்கு. இப்போது அவன் கையில் இருந்தது மீன்.

“ஏன் மீன்?”

“பாருங்களேன். ஒவ்வொண்ணுக்கும் வால் இருக்கு. எதுவும் ஒரு இடத்துல நிக்காது.”

“இதை எதுக்கெல்லாம் போடுவீங்க?”

அவன் கேட்டது அவனுக்கே வியப்பாக இருந்தது. ஒரு வருஷமாக அவன் யாரையும் எதுவும் கேட்டதில்லை. கேட்டவர்களுக்குப் பதில் சொன்னதோடு சரி.

தீப்தி விரல் விட்டு எண்ணினாள். “பிறந்த நாள். வளைகாப்பு. ரோஹிணி மாமி விக்கிற முறுக்கு பாக்கெட். ஒரு ப்ளே ஸ்கூல் போர்டு. கோர்ட்டுக்கு, டாக்டருக்கு, வாடகை ரசீதுக்குப் போட மாட்டேன். செத்துப் போனவங்களுக்குப் போடவே மாட்டேன்.”

“போடக் கூடாதுன்னு யார் சொன்னா?”

“யாரும் சொல்லலை. சொல்லணுமா?” என்றவள், வாசலில் சைக்கிளோடு வந்து நின்ற ஆளிடம் காளி பூஜை ரசீதுப் புத்தகங்களைக் கட்டிக் கொடுக்க எழுந்தாள். “மாத்த நாலு க்ளிக்தான். வந்து பண்றேன். உட்காருங்க.”

மணி பதினொன்றேகால். பன்னிரண்டுக்கு மாமனார் வருகிறார். அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை தன் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். துறைமுக அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். கையெழுத்து இல்லாத காகிதம் அவரைத் தாண்டிப் போனதில்லை.

ஜெய்ராம் அவள் நாற்காலியில் உட்கார்ந்தான்.

எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ‘ஆண்டு’வில் இருந்த ‘ட’ வேறு, இரண்டாம் வரியில் இருந்த ‘ட’ வேறு. ஒன்று சாய்ந்திருந்தது, ஒன்று நிமிர்ந்திருந்தது. நம்பாமல் ‘டடடட’ என்று அடித்தான். நான்கும் நான்கு மாதிரி. ஐந்தாவது அடித்தபோது முதலாவது திரும்பி வந்தது. சால்ட் லேக்கில் எட்டு வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன். இதை எப்படிச் செய்திருப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஒருத்தர் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தையும் நான்கு முறை வரைந்திருக்கிறார். கை எழுதியதுபோல இருக்க வேண்டுமென்று இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்.

இது மாதங்கியின் கையெழுத்து இல்லை. அவள் கையெழுத்து இப்படி இருக்காது. கல்கத்தாவிலேயே பிறந்து, பள்ளியில் வங்காளம் படித்து, தமிழை வீட்டில் கற்றவள். பேனாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சலான் நிரப்புவதுபோல ஒவ்வோர் எழுத்தாக வைப்பாள். அவள் எழுதிய மளிகைச் சீட்டுகள் சமையலறை டப்பாவில் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் சீட்டுதான் தெரியும், அவள் தெரிவதில்லை.

அவள் குரலும் அப்படித்தான் போயிற்று. டெங்கு. ஆறே நாள். இருபத்தொன்பது வயது. முதல் சில மாதங்கள் காதில் இருந்தது. பிறகு ஒரு நாள் கவனித்தான், இல்லை. வீடியோக்களில் எல்லாம் ஃபோனைப் பிடித்திருந்தவள் அவள்; எடுக்கும்போது மட்டும் வாயைத் திறக்காமல் சைகைதான் காட்டுவாள். அவற்றில் ஜெய்ராம்தான் பேசாமல் நின்றுகொண்டிருந்தான். மாமனார் வீட்டுக் கூடத்தில் மாலை போட்டுத் தொங்குவது ஒரு பாஸ்போர்ட் ஃபோட்டோவைப் பெரிதாக்கியது. வாய் மூடியிருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து ‘எவ்வளவு அமைதியான பொண்ணு’ என்கிறார்கள். போன மாதம் அவனுக்கே அப்படித்தானோ என்று தோன்றிவிட்டது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

‘டடடட’வை அழித்தான். அந்த இடத்தில் ‘ஏமா!’ என்று அடித்தான்.

வங்காளிப் பெண்கள் எதற்கெடுத்தாலும் சொல்வது. மாதங்கியும் சொல்வாள். பல்லி விழுந்தால் ஏமா, பால் பொங்கினால் ஏமா, அவன் புதுச் சட்டை போட்டால் ஏமா. திரையில் ‘ஏ’ ஒரு காலை நீட்டிக்கொண்டு நின்றது. ஆச்சரியக்குறி பக்கத்தில் சாய்ந்துகொண்டு பார்த்தது.

ஜெய்ராம் அடுத்த வரிக்குப் போனான்.

‘வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையா?’

இது அவனுக்கு. நாளுக்கு இரண்டு முறையாவது. ஒரு க்ளிக்கில் அதைப் பேங்க்குக்கு மாற்றிப் பார்த்தான். அலுவலகத்தில் விளக்கம் கேட்டு வருகிற கடிதம் மாதிரி ஆகிவிட்டது: மேற்படி வாயில் கொழுக்கட்டை உள்ளதா என்பதை மூன்று நாளுக்குள் தெரிவிக்கவும். மறுபடி மீன். மாதங்கி திரும்ப வந்தாள்.

யானை. போய்விட்டாள். மீன். வந்தாள்.

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

‘குடை எங்க? ஏமா! மெட்ரோல விட்டுட்டியா, அந்தக் குடை உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு?’

‘கம்ப்யூட்டர் ஓடிடாது, வந்து சாப்பிடு.’

‘எங்கப்பாவுக்கு நீ பையனா, மாப்பிள்ளையா? ரெண்டு பேரும் ஒரே மாதிரி உம்முன்னு.’

ஒன்றை அடித்து முடிக்கும் முன் அடுத்தது வந்து நின்றது. எங்கே இருந்தன இத்தனை நாளும்? பிறகு ஒரு சந்தேகம் வந்தது. எழுத்து வேடிக்கையாக இருப்பதால் எதைப் போட்டாலும் இப்படித்தான் இருக்குமோ? சோதித்துப் பார்க்க, தான் பேசுவதை அடித்தான். ‘சரி. பார்க்கலாம். ஒண்ணுமில்ல.’ ஜோக்கர் குல்லா போட்ட போலீஸ்காரர் மாதிரி இருந்தது. மாமனார் அடிக்கடி சொல்கிற ‘முறைன்னு ஒண்ணு இருக்கு’ என்பதைப் போட்டான். அதற்கு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வராத சிரிப்பு. ஆனாலும் சிரிப்புதான்.

தீப்தி இரண்டு மண் கப்பில் எலுமிச்சைத் தேநீரோடு வந்தாள். அவன் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள்.

“இவ்வளவும் கார்டுல வருமா?”

“இல்லை. சும்மா பார்க்கிறேன்.”

“இந்த வரி மட்டும் வேற ஆள்.” அவள் விரல், ‘சரி. பார்க்கலாம். ஒண்ணுமில்ல.’ மேல் நின்றது.

“எப்படித் தெரியும்? உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே?”

“சொல்லுக்குச் சொல் முற்றுப்புள்ளி. மீன் எங்கே நீந்தும்?” தேநீரை அவன் பக்கம் தள்ளினாள். “யாரு அந்த ஆள்?”

“நான்தான்.”

தீப்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கார்டு எதற்கென்று நினைவுக்கு வந்திருக்கும்.

மாமனார் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். பூஜைப் பந்தலின் மூங்கில்கள் சந்து முழுக்கக் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தாண்டி, வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தார். தீப்தி எழுந்து “வாங்க மேஷோமஷாய்” என்று, பெரியவர்களை வங்காளிகள் அழைக்கிற முறையில் அழைத்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. மேசையில் இருந்த தாளை எடுத்தார். கண்ணாடியை ஏற்றினார்.

“இது என்ன, காதுகுத்துப் பத்திரிகையா?”

“தப்பு என்னுதுதான்,” என்று தீப்தி வங்காளத்தில் தொடங்கினாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஆபீஸ்ல இப்படி ஒரு சர்க்குலர் என் மேசைக்கு வந்திருந்தா, கொண்டு வந்தவன் மூஞ்சியிலேயே கிழிச்சுப் போட்டிருப்பேன். நட்சத்திரம் வேற. மாத்தச் சொல்லுங்க மாப்பிள்ளை.”

இந்த ஒரு வருஷத்தில் ஜெய்ராம் அவரிடம் பேசியது பெரும்பாலும் ‘சரி மாமா’தான். எந்த ஃபோட்டோ மாட்டுவது, சரி மாமா. அவள் புடவைகளை யாருக்குக் கொடுப்பது, சரி மாமா.

“வேண்டாம் மாமா,” என்றான்.

“என்ன வேண்டாம்?”

“மாத்த வேண்டாம். நட்சத்திரத்தை எடுத்துடலாம். எழுத்து இருக்கட்டும்.”

சௌந்தரராஜன் தாளை மேசையில் வைத்தார். கத்தப் போகிறார் என்று தீப்தி நினைத்தாள் போலிருக்கிறது. விசிறியின் வேகத்தைக் கூட்டினாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“அறுபது வீடு மாப்பிள்ளை. எல்லாம் நம்ம சனம். உங்க அத்தை கையால கொண்டுபோய்க் கொடுக்கப் போறா. பொண்டாட்டி போய் ஒரு வருஷத்துல மாப்பிள்ளைக்கு என்ன குஷின்னு பேசுவாங்க. என்னைச் சொல்ல மாட்டாங்க. உங்களைத்தான் சொல்வாங்க.”

ஜெய்ராம் இதை எதிர்பார்க்கவில்லை. அவர் தன் மானத்துக்காகச் சண்டை போடுவார் என்று நினைத்திருந்தான். எனக்கு அவ குரல் மறந்துபோச்சு, இதுல திரும்ப வந்துச்சு என்று ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் பட்டப்பகலில் எப்படிச் சொல்வது? அதுவும் மாமனாரிடம்?

அவன் கீபோர்டை இழுத்தான். எழுதினான். எழுத்தைப் பெரிதாக்கித் திரையை அவர் பக்கம் திருப்பினான்.

‘பெரிய ஆபீசர் வந்தாச்சு, எல்லாரும் எந்திரிங்க!’

துறைமுகக் குவார்ட்டர்ஸில் மாதங்கிக்கு ஏழு வயதாக இருந்தபோது ஆரம்பித்தது என்று அவளே சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் கட்டிலில் ஏறி நின்று கத்துவாளாம். கல்யாணத்துக்குப் பிறகும், அவர் இவர்களுடைய நியூ டவுன் ஃப்ளாட்டுக்கு வந்து பெல் அடித்தபோதெல்லாம் கதவைத் திறக்காமல் உள்ளே இருந்தே கத்தியிருக்கிறாள்.

சௌந்தரராஜன் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, போட்டுக்கொண்டார்.

“தப்பு,” என்றார்.

“மாமா?”

“‘எந்திரிங்க’ன்னு சொல்ல மாட்டா. ‘எந்திரிச்சு நில்லுங்கோ’. அந்த ‘கோ’வை இழுப்பா. சௌத்திரி வீட்டு மாடி வரைக்கும் கேக்கும்.”

ஜெய்ராம் திருத்தினான். கோவின் கொம்பு வளைந்து, கால் தரையைத் தாண்டிக் கீழே இறங்கியது. சௌந்தரராஜன் ஸ்டூலில் உட்கார்ந்தார். விசிறி காகிதங்களைப் புரட்டியது.

“மத்ததெல்லாம் என்ன?” என்று மேலே இருந்த வரிகளைக் காட்டினார். படித்துக்கொண்டே வந்தவர் ‘உம்முன்னு’ என்ற இடத்தில் நின்றார். “இது எப்ப சொன்னா?”

“எப்பவும் சொல்வா.”

“ம்.” அடுத்த வரிக்குப் போனார். “இது யாரு, ‘முறைன்னு ஒண்ணு இருக்கு’?”

ஜெய்ராம் தேநீர்க் கப்பை எடுத்தான்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் மாமனார். திட்டா பாராட்டா என்று தெரியாத குரல்.

பிறகு, தான் எழுதிய வாசகத்தை எடுத்து அந்தத் துள்ளும் எழுத்திலேயே, உதடு அசைய, முழுதாகப் படித்தார். ‘எங்கள் குலவிளக்கும், அடக்கத்தின் இருப்பிடமும், இறைவன் திருவடி நிழலில் இளைப்பாறுபவருமான.’ அங்கே நின்றுவிட்டார்.

“இதுல படிச்சா எல்லாம் பொய்யா இருக்கே மாப்பிள்ளை.”

“அவ இளைப்பாற மாட்டா மாமா.”

“உக்கார மாட்டாளே ஒரு இடத்துல.” தலையை ஆட்டினார். “எழுதுறப்ப தெரியல. தெய்வானை அக்காவோட நினைவு நாள் கார்டுல இருந்ததைப் பார்த்து எழுதினேன். அந்த எழுத்துல எல்லாம் உண்மை மாதிரிதான் இருந்துச்சு.” சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்தார். ஆபீசர் எழுந்துவிட்டார். “ஒண்ணு எழுத்தை மாத்தணும், இல்ல வார்த்தையை மாத்தணும். ரெண்டும் சேர்ந்து நிக்காது. நீங்க என்ன சொல்றீங்க?”

“வார்த்தையை மாத்தலாம்.”

“அப்ப எழுதுங்க.”

எழுதினார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. அவர் சொல்வார், ஜெய்ராம் அடிப்பான், இருவரும் பார்ப்பார்கள். ‘அனைவரும் வருகை தந்து’ என்று வந்தது. எழுத்து அதை ஏற்கவில்லை, பார்த்ததுமே தெரிந்தது. ‘எல்லாரும் வாங்க’ என்றானது. ‘மறைந்து’ போய் ‘மாதங்கி போய்’ வந்தது. ஒரு வரியை ஜெய்ராம் தானாகவே அடித்தான், யாரும் சொல்லாமல். சௌந்தரராஜன் அதைப் படித்துவிட்டு எதுவும் திருத்தவில்லை. கடைசியில் இவ்வளவுதான் நின்றது:

‘மாதங்கி போய் ஒரு வருஷம் ஆச்சு. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வாங்க. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காரக் கூடாது. அவளைப் பத்தி ஏதாவது சொல்லுங்க, நாங்க கேக்கணும். சாப்பிட்டுட்டுப் போங்க.’

“தேதி, நேரம், இடம் மட்டும் அந்தப் பேங்க்ல போடச் சொல்லுங்க,” என்றார் மாமனார். “நேரம் ஆடக் கூடாது. ஒரு மணின்னா ஒரு மணி.”

“அத்தை?”

“அவகிட்ட நான் பேசிக்கிறேன்.” யோசித்தார். “பேச வேண்டியிருக்காது. படிச்சாலே போதும்.”

தீப்திக்கு ஜெய்ராம் வங்காளத்தில் வரிவரியாகச் சொன்னான். அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. கடைசி வரியைக் கேட்டதும் “இதை நான் கார்டுன்னு சொல்ல மாட்டேன், யாரோ வாசல்ல நின்னு கூப்பிடற மாதிரி இருக்கு” என்றாள். மூன்று நட்சத்திரங்களை அழித்துவிட்டு நான்காவதில் மௌஸை நிறுத்தி, சௌந்தரராஜனைப் பார்த்தாள். அவர் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். அது தப்பித்தது.

பிரிண்டர் உறுமிக்கொண்டு முதல் அட்டையைத் தள்ளியது. ஜெய்ராம் அதைச் சூட்டோடு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். ‘சாப்பிட்டுட்டு’வில் நான்கு ‘ட’. ஒன்று சாய்ந்து, ஒன்று நிமிர்ந்து, ஒன்று எம்பி, ஒன்று பக்கத்து எழுத்தின் மேல் விழுந்து. பந்தியில் இடம் பிடிக்க முண்டியடிக்கிற நான்கு பேர்.

மாமனார் அவன் தோளோடு ஒட்டி நின்று ஃபோட்டோவைப் பார்த்தார்.

“இது எங்க எடுத்தது?”

“ஹவுரா படகுல.”

“வாயைத் திறந்துட்டு இருக்கா.”

“பேசிட்டு இருந்தா.”

“என்ன பேசினா?”

ஜெய்ராம் உற்றுப் பார்த்தான். உதடு குவிந்திருந்தது. கை ஒன்று படத்துக்கு வெளியே எதையோ காட்டிக்கொண்டிருந்தது.

“தெரியலை மாமா. குடையா இருக்கலாம். காத்துல போயிருக்கும்.”

“குடைக்கு இவ்வளவு பெரிய வாய் திறக்க மாட்டா. உங்களைத் திட்டியிருப்பா.”

“திட்டினா புருவம் ஏறும். ஏறலையே.”

“அப்ப பசி. பசின்னா அவளுக்கு அந்த மூக்கு இப்படி ஆயிடும், பாருங்க, இந்த இடம்.” அவர் அட்டையைத் தன் பக்கம் இழுத்தார்.

“அவ அன்னைக்குச் சாப்பிட்டுட்டுத்தான் வந்தா, மாமா,” என்றான் ஜெய்ராம். சொன்ன பிறகுதான் அது தனக்கு நினைவிருந்தது என்பது அவனுக்குத் தெரிந்தது. “இருங்க. என்ன சாப்பிட்டான்னு சொல்றேன்.”

பிரிண்டர் இரண்டாவது அட்டையைத் தள்ளியது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.